பத்து ஜோடியும் ஒரு வளையமும்

நான் வேலை பார்த்த நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக ஒரு மரபணுக் கூடம் வந்திருக்கிறதாம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். திறப்பு விழா மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் இனிய நினைவுகள் எழுதித் தர வேண்டும் என்று ஓர் இளம் விஞ்ஞானி வீடு தேடி வந்து கேட்டார்.

"ரெண்டு பக்கம் போதும்மா. கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

பாசிட்டிவாக எழுத முடிந்ததை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நிலையத்துக் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும். மற்றவை கீழே.

என் பெயர் எஸ்தர். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். அப்பா பண்ணையில் ஏர் ஓட்டினார், அம்மா நடவுக்குப் போனாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஒரு வருஷம் ஆய்வகப் படிப்பும் படித்து, சென்னையில் ஆட்சி மாறிய சூட்டோடு வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்பது முதல் ஆறு மாதம் கண்ணாடித் தகடு கழுவுவது. அடுத்த ஆறு மாதம் கழுவிய தகட்டைத் திரும்பக் கழுவுவது. அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்கள். நெல்லின் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவது என் வேலை. "நெல்ல எண்ணுனாக்கூட ஒரு அர்த்தம் இருக்கு" என்பார் என் மாமியார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உயிரணு ஒவ்வொன்றின் உட்கருவிலும் டி.என்.ஏ. என்கிற இரட்டை நூல் இருக்கிறது. நெல்லின் ஓர் உயிரணுவில் இருப்பதை உருவி நீட்டினால் ஏறக்குறைய ஒரு அடி வரும். அது அடைந்து கிடக்கும் இடமோ கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி. வைக்கோல் பிரி திரித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரண்டு புரியை முறுக்கினால் பிரி. அந்தப் பிரியை இறுக்கிச் சுற்றினால் விதைநெல் கட்டி வைக்கும் விதைக்கோட்டை. டி.என்.ஏ. நூலும் புரதத்தாலான சின்னச் சின்ன உருண்டைகளின்மேல் சுற்றி, அந்தச் சரம் மறுபடி சுருண்டு, மடிந்து, இறுகிக் கடைசியில் ஒரு குட்டைக் குச்சிபோல ஆகிறது. அந்தக் குச்சிதான் குரோமோசோம். உயிரணு பிரியும் சமயத்தில்தான் இப்படி இறுகும். மற்ற நேரமெல்லாம் நூல் தளர்ந்து கிடக்கும். எதையும் எண்ண முடியாது. வீடு மாற்றும் நாளில்தானே வீட்டில் எத்தனை மூட்டை சாமான் என்று தெரிகிறது? உருண்டை விஷயம் நான் சேர்ந்த காலத்தில் யாருக்கும் தெரியாது. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தது. மூட்டைகளை எண்ண மட்டும் எங்களுக்குத் தெரியும். நெல்லுக்கு இருபத்து நான்கு. மகரந்தம் உண்டாகும்போது அவை ஜோடி சேர்ந்து பன்னிரண்டு ஜோடியாக நிற்கும்.

அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் சாமர்த்தியம். கதிர் வெளியே தலைகாட்டிவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். தண்டுக்குள் கதிர் ஒளிந்திருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில், காலை வெயில் ஏறும்போது வயலில் இறங்கி, கடைசி இலையின் கழுத்துக்கும் அதற்குக் கீழ் இலையின் கழுத்துக்கும் உள்ள தூரத்தை விரலால் அளப்பேன். இரண்டும் கிட்டக்கிட்ட வந்திருந்தால் தண்டைக் கீறி இளங்கதிரை எடுத்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த புட்டியில் போடுவேன். ஒரு நாள் ஊற வேண்டும். பிறகு ஒரு பூவைப் பிரித்து, எள்ளில் பாதிகூட இல்லாத மகரந்தப் பையை எடுத்துத் தகட்டில் வைத்து, கார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, துருப்பிடித்த ஊசியால் கலக்க வேண்டும். ஊசியில் துரு இருந்தால்தான் சாயம் பிடிக்கும். மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, ஸ்பிரிட் விளக்கில் இலேசாகக் காட்டி, மைஒற்றும் தாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் இம்மி வழுக்கினாலும் அன்றைய வேலை மண். ஒருமுறை புதிதாக வந்த கண்காணிப்பாளர் துருப்பிடித்த ஊசிகளையெல்லாம் குப்பையில் போட்டுப் பளபளப்பான ஊசிகள் வாங்கித் தந்தார். மூன்று மாதம் எங்களுக்கு ஒரு குரோமோசோமும் தெரியவில்லை. அந்த மூன்று மாதமும் அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

இனி எங்கள் தலைவர், டாக்டர் தணிகாசலம். ஆட்சி மாறுவதற்கு முந்திய வாரம்வரை அவர் கோட்டு போட்டு இங்கிலீஷில் தும்முகிறவராம். மாறிய மறுவாரம் கரை வேட்டியில் வந்தாராம். வாயைத் திறந்தால் அடுக்குமொழி. குரோமோசோம் என்று சொன்னால் முகம் சுளிப்பார், நிறப்புரி என்றுதான் சொல்ல வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை, நல்ல சொல்தான். அவர் அந்த நிறப்புரியை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம் என்பதுதான் வருத்தம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுவார். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு, "பதின்மூன்றாவதாய் ஒன்று பளிச்சிடுகிறதே, எஸ்தர்!" என்று துள்ளினார். நான் பார்த்தேன். அவருடைய கண்ணிமை முடி ஒன்று லென்ஸில் ஒட்டியிருந்தது. ஊதிவிட்டு, "இப்ப சரியா இருக்கு சார்" என்றேன். அந்தப் பதின்மூன்றாவது நிறப்புரி பற்றி அடுத்த வாரம் திருச்சியில் ஒரு கூட்டத்தில் அவர் பேசியதாகக் கேள்வி.

அவருடைய மகத்தான படைப்பு 'வெற்றிப்பொன்' என்ற நெல். விதையைப் பம்பாய்க்கு அனுப்பிக் கதிர்வீச்சு பாய்ச்சி வாங்கி விதைத்ததில் குட்டையாக, கட்டுறுதியாக ஒரே ஒரு செடி வந்தது. கதிர்வீச்சு பட்ட விதையில் குரோமோசோம் உடைந்து இடம் மாறி ஒட்டியிருக்கலாம்; அதனால் தலைமுறை தலைமுறையாகச் சோதித்த பிறகே விதையை வெளியே விட வேண்டும். நான் புட்டிகளைக் கழுவித் தயாராக வைத்திருந்தேன். அமைச்சர் வரும் தேதி முந்திக்கொண்டது.

"சார், ஒரு சீசன் குடுங்க. செடி செடியா பாத்துடுறேன்" என்றேன்.

"நிறப்புரி நிற்கும் எஸ்தர், நிமிஷம் நிற்காது" என்றார்.

நிலையத்து வாசலில் அமைச்சர் பெயர் பொறித்த கல் திறக்கப்பட்டது. கல்லைச் சுற்றிச் சின்னப் பாத்தி கட்டி வெற்றிப்பொன் நட்டார்கள். நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த பெரிய பண்ணை ஒன்றில், ரோட்டோரமாக, போர்டு வைத்து மாதிரி வயலும் போட்டார்கள். பண்ணைக்காரர் பெயர் சபாநாயகம்.

கீழத் தஞ்சை அப்போது எப்படி இருந்தது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டால் அது கலகம். தெருவில் செங்கொடி ஏறினால் பண்ணைகள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். அரிவாள்கள் கதிர் அறுக்க மட்டும் பயன்படவில்லை. சபாநாயகத்தின் ஊரிலும் நடவுக்கு முன்னால் மூன்று நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நடவுக் குழுவின் தலைவி அஞ்சலை என்பவள் முன்னால் நின்று பேசி, அரைப்படியை வாங்கிவிட்டுத்தான் வயலில் இறங்கினாள். பண்ணைக்காரர் அதை மறக்கவில்லை.

குறுவை கதிர் விட்டது. முற்றி மஞ்சளாகித் தலை சாய வேண்டிய நேரத்தில், கதிர்களில் பாதி ராணுவம் மாதிரி விறைத்து நின்றன. உருவிப் பார்த்தால் ஒரு மணி நெல், ஒரு மணி பதர். ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் நின்று பார்த்துச் சிரித்தது. சபாநாயகம் போலீசுக்கு எழுதினார்: கூலித் தகராறில் நடவாட்கள் வயலில் நஞ்சு கலந்துவிட்டார்கள். அஞ்சலையையும் இரண்டு ஆண்களையும் பிடித்துப் போனார்கள். அவர்களுடைய தெருவில் இருபது வீடு. அத்தனையும் பண்ணை மண்ணில் இருந்தன. பத்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று ஆள்விட்டுச் சொல்லியாகிவிட்டது.

நஞ்சுதான் என்று சான்று கொடுக்க எங்கள் நிலையத்துக்குக் கடிதம் வந்தது. டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சான்றை ஜீப்பிலேயே மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. விதையில் பழுது என்றால் அவர் பெயர்; வயலில் நஞ்சு என்றால் வேறு யாருடைய பெயரோ.

வயலில் அஞ்சலையையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், எங்கே நஞ்சு வைத்தாள் என்று காட்டுவதற்காம். நாற்பது வயது இருக்கும். உதடு கிழிந்து காய்ந்திருந்தது. கூட நின்ற போலீஸ்காரர் குடைக்குள் நின்றுகொண்டு, "காட்டுடி" என்றார்.

அவள் போலீஸ்காரரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த புட்டிகளைப் பார்த்துவிட்டு என்னிடம் பேசினாள்.

"தங்கச்சி, நீ படிச்ச புள்ள. இந்தக் குத்தப் பாரு. மூணு நாத்து வெச்சு நட்டேன். ஒரு நாத்து நெறஞ்சு சாஞ்சிருக்கு. ஒட்டிக்கிட்டு நிக்கிற நாத்து பாதி பதரு. வெஷம் வெச்சிருந்தா மூணும்ல சாவணும்? ஒரு நாத்த விட்டு ஒரு நாத்துக்கா வெச்சிருப்பேன்?"

நான் குனிந்து பிரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. அடுத்த குத்து, அதற்கடுத்த குத்து, எல்லாம் அதே கதை. மூன்று பட்டம் பெற்ற எங்கள் டாக்டர் வரப்பில் நின்று பார்க்காததை, முழங்கால் சேற்றில் நின்று அவள் பார்த்திருந்தாள்.

"சார், இந்தம்மா சொல்றது..."

"வயலில் வாதம் வேண்டாம் எஸ்தர். வண்டிக்கு வா" என்றார் டாக்டர்.

நல்லவேளையாக அந்தப் பயிரில் பின்தூர்கள் இருந்தன. முதல் கதிர்கள் முற்றிய பிறகும் அடியிலிருந்து தாமதமாகக் கிளம்பி, அப்போதுதான் தொண்டைக்கதிரில் இருந்த தூர்கள். மாதிரி எடுக்கிறேன் என்று சொல்லிப் பதர்விட்ட செடிகளிலிருந்து எட்டுத் தூர் அறுத்து, ஜீப்பின் பின்பக்கத்தில் உட்கார்ந்தே கீறிப் புட்டியில் போட்டேன்.

இரண்டாம் நாள் முதல் தகட்டை வைத்தபோது கட்டைவிரல் வழுக்கிற்று. இரண்டு தகடு வீண். மூன்றாவதில் தெரிந்தது. பத்து ஜோடி ஒழுங்காக நின்றன. மீதி நான்கு குரோமோசோம்கள், ஜோடி சேர வேண்டியவை, ஒன்றையொன்று விட முடியாமல் கைகோத்து ஒரு வளையமாக நின்றன. கதிர்வீச்சில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் வளையம் விழும். மூட்டை மாறிப் போன வீடு மாதிரி. இதனுடைய மகரந்தத்தில் பாதிக்குச் சில துண்டுகள் இரட்டையாகப் போகும், சில போகவே போகாது. அந்தப் பாதி செத்துப்போகும். பெண் பக்கத்துக் கருமுட்டையிலும் இதே கணக்கு, அதனால்தான் பாதி பதர். கூடவே பறித்து வந்த, பூவெடுத்த கதிரின் மகரந்தத்தில், உயிர் இருந்தால் கறுக்கவைக்கும் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பாதி கறுத்தது, பாதி வெறும் கண்ணாடிக் கூடு. எட்டுச் செடியிலும் வளையம். பழுது விதையோடு வந்தது.

டாக்டரிடம் கொண்டுபோனேன். வழக்கம்போல மூன்று எண்ணுவதற்குள் கண்ணை எடுத்தவர், நான் விளக்கியதும் இன்னொரு முறை குனிந்து, வாழ்நாளில் முதல்முறையாக நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நஞ்சு நறுக்கியிருக்கிறது, எஸ்தர்! நிறப்புரியையே நறுக்கியிருக்கிறது! இதையும் அறிக்கையில் சேர்த்துவிடலாம்."

அஞ்சலை என் கண்ணெதிரே வைத்த சாட்சியை நான் கண்ணாடியில் அழுத்திக் கொண்டுவந்தால், அதை வைத்தே அவளைக் கட்டப் பார்க்கிறார். அன்று சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் நின்றேன். வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு, எதிரே இருந்ததை வெறுமனே பார்த்தபடி நின்றேன். எதிரே இருந்தது அமைச்சர் கல். அதைச் சுற்றி வெற்றிப்பொன். கல்லுக்குச் சந்தனம் வைத்துப் பூச்சுற்றியிருந்தார்கள். நெல்லைத்தான் யாரும் கவனிக்கவில்லை. பாதி விறைத்து நின்றது.

மறுநாள் காலை டாக்டர் வருவதற்கு முன்னால் அதில் நாலு பின்தூர் அறுத்தேன். அரசாங்கக் கல்லின் பயிரை அறுத்ததற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. பியூன் கோவிந்தசாமி பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், "நான் டீ குடிக்கப் போறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கோட்டாட்சியர் வந்திருந்தார், அதிகம் பேசாத மனிதர். சபாநாயகம் முன்வரிசையில். தெருக்காரர்கள் வாசலுக்கு வெளியே. மைக்ராஸ்கோப்பை மரப்பெட்டியில் வைத்துக் கோவிந்தசாமி தலையில் சுமந்து வந்தார். டாக்டர் அரைமணி நேரம் அடுக்குமொழியில் பேசினார். நஞ்சு, நயவஞ்சகம், நாசம், நன்றிகெட்டதனம் என்று 'ந' வரிசையில் அகராதி தீர்ந்துபோயிற்று.

கோட்டாட்சியர் குனிந்து தகட்டைப் பார்த்தார். "வளையம் தெரியுது. இது விஷத்தால வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேறு எதனால் வரும்? விதை வெற்றிப்பொன்!" என்றார் டாக்டர்.

நான் எழுந்தேன். "சார், இன்னொரு தகடு இருக்கு. இதையும் பாக்கணும்."

பார்த்தார். "இதுலயும் வளையந்தான். இது வயல்ல எந்தப் பக்கம்?"

"வயல் இல்ல சார். எங்க ஆபீஸ் வாசல். அமைச்சர் கல்லச் சுத்தி நட்டது."

கோட்டாட்சியர் டாக்டரை விட்டுவிட்டுக் கோவிந்தசாமியிடம் கேட்டார். "அந்தப் பாத்திக்குள்ள யாரெல்லாம் போவாங்க?"

"யாரும் போவக்கூடாதுங்க. தண்ணிகூட ஐயாவே தன் கையாலதான் ஊத்துவாங்க. காக்கா உக்காந்தாக்கூட எனக்கு மெமோங்க."

"அப்ப அங்க விஷம் வெச்சது நீங்களா, டாக்டர்?"

வெளியே தெருக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்து ஓடு அதிர்ந்தது. சபாநாயகம் சிரிக்கவில்லை. டாக்டரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அரைப்படி கேட்டவர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் ஆளை மாற்றிக்கொண்டது தெரிந்தது.

அன்று மாலையே மூவரையும் விட்டுவிட்டார்கள். உதடு கிழித்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வீடு காலி செய்யும் பேச்சு நின்றது. நிலையத்தின் அதிகாரபூர்வ அறிக்கை, 'பருவநிலையின் எதிர்பாராத மாறுபாடு' என்று முடிந்தது. வெயிலுக்கு வக்கீல் கிடையாதே. டாக்டர் தணிகாசலத்துக்குப் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல். எனக்கு மைக்ராஸ்கோப்பிலிருந்து விதைக் கிடங்குக்கு மாற்றல். இரண்டு வருஷம் பதர் எண்ணினேன்.

விடுதலையான மூன்றாம் நாள் அஞ்சலை நிலையத்துக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அந்த வளையத்த நான் பாக்கணும்" என்றாள். வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு, எங்கள் நிலையத்தில் எந்த டாக்டரும் பார்க்காத அளவு நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இது அடுத்த வெதைக்கும் போவுமா?"

அந்த விவகாரம் முழுவதிலும் எவரும் கேட்காத கேள்வி. எல்லாரும் யார் குற்றம் என்றே கேட்டார்கள்.

"பாதிக்குப் போகும்க்கா" என்றேன். "ஆனா முழுசா நெறஞ்சு சாஞ்ச கதிர் இருக்குல்ல, அதுக்குள்ள வளையம் கெடையாது. அத மட்டும் எடுத்து வெதைச்சா பிள்ளையும் நெறஞ்சுதான் வரும்."

"வெளைஞ்ச கதிரு நல்ல கதிருதான். தாளு குட்டையா, காத்துக்குச் சாயாம நிக்கிது" என்றாள்.

சபாநாயகம் அந்த வயலை மாட்டுக்கு அறுத்துப் போடச் சொல்லியிருந்தார். அறுப்பதற்கு முன்னால் அஞ்சலையும் அவள் குழுவும் இரண்டு நாள் வரிசையாக நடந்து, நிறைந்த கதிர்களை மட்டும் கிள்ளி மடியில் கட்டினார்கள். நான் விடுமுறை போட்டுவிட்டுப் போய்க் கூட நடந்தேன். சந்தேகம் வந்த கதிரை என்னிடம் நீட்டுவார்கள். பத்தில் ஒன்பதை, நான் உருவுவதற்குள் அஞ்சலை, "அது வேணாம், லேசா இருக்கு" என்று எறிந்துவிடுவாள். பிறகு அவர்களுடைய துண்டுக் குத்தகை நிலங்களில் விதைத்தார்கள். அடுத்த வருஷமும் ஒரு முறை பொறுக்கினார்கள். நான் கிடங்கிலிருந்து திரும்பி மைக்ராஸ்கோப்புக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த நெல்லைத்தான் பார்த்தேன். பன்னிரண்டு ஜோடி. எந்தச் செடியிலும் வளையம் இல்லை.

சில வருஷம் கழித்து டாக்டர் தணிகாசலம் பெரிய அதிகாரியாகச் சுற்றுப்பயணம் வந்தார். அந்த ஊர் ரோட்டில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். சின்ன வயல்தான், கதிர் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை, எல்லாம் கனத்துத் தலை தொங்கிக் கிடந்தது. நான் அவருக்குப் பின்னால் இறங்கினேன். களத்தில் அஞ்சலை நின்றிருந்தாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

"அற்புதம்! என்ன ரகம்மா இது?"

"உங்க ரகந்தாங்க" என்றாள் அஞ்சலை. "உதவாததப் பொறுக்கிப் போட்டுட்டோம்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த எழுத்தையும் அடுக்காமல், நிலையத்துக்குக் கொஞ்சம் விதை வேண்டுமே என்றார்.

"தாராளமா எடுத்துக்குங்க. ஆனா ஒங்க ஆபீசுல நாங்க வெத வாங்குனா கைநாட்டு வாங்கிக்கிட்டுத்தான தருவீங்க? நீங்களும் ஒண்ணு வெச்சுக் குடுத்துட்டு வாங்கிக்குங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதி, கீழே மூன்று பட்டங்களோடு கையெழுத்துப் போட்டு நீட்டினார். அஞ்சலை அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"என்னா தங்கச்சி எழுதியிருக்காரு?"

"உங்ககிட்டேருந்து வெத நெல்லு வாங்கிக்கிட்டேன்னு எழுதியிருக்காருக்கா."

"எம் பேரு போட்டிருக்கா?"

இல்லை. 'இவ்வூர் விவசாயியிடமிருந்து' என்றுதான் இருந்தது. தாளைத் திருப்பி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பேனாவைத் திறந்து, அவள் பெயரை என்னிடம் கேட்டார்.

"அவங்க நிக்கிறாங்களே சார், அவங்களையே கேளுங்க" என்றேன்.

கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, விதை அளக்க மரக்காலை நெல்லுக்குள் விட்டாள்.